பயன் சொல்லுதல்

மேடையேறிப் பேசுவோர் இந்நாளிற் பலர். அப்பேச்சைக் கேட்டு மகிழ்வோர் அவரினும் பலர். கேட்டபின் எழுந்து சென்று ஒரு காரியத்தைத் தொடங்குவோர் மட்டும் மிகச் சிலர். ஒரு பேச்சு மனிதனை எழுப்புவது எதனால்? இந்த வினாவை என்னிடம் எழுப்பியது நூலன்று, ஒரு மாணாக்கன்.

சில ஆண்டுகளின் முன் ஒரு பாடசாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணாக்கருக்கு ஊக்கவுரை ஒன்று ஆற்றவேண்டும் என்றார்கள். பண்டிதனுக்குப் பேச இடங் கிடைத்தால் விடுவானா? ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். குறளை எடுத்தேன், பாரதத்தை எடுத்தேன், துருவனை வனத்துக்கு அனுப்பினேன், பகீரதனைக் கொண்டு கங்கையை இறக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரை கூறிய ஆசிரியர், மாணாக்கரின் நரம்புகளில் மின்சாரம் பாய்ந்துவிட்டது என்றார். யானும் அதை நம்பினேன்.

வாயிலில் ஒரு பூவரசமரம். அதன்கீழ்ச் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பையன் எனக்காகக் காத்து நின்றான்.

“சேர், நல்லாப் பேசினியள். எனக்குக் கணக்குத்தான் ஓடுதில்லை. நாளைக்குக் காலமை எழும்பி நான் என்ன செய்யிறது, சேர்?”

“முயற்சி செய், தம்பி. முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஒன்றேகால் மணி நேரம் சொன்னதை அவனுக்கு ஒரு வரியில் மீண்டுஞ் சொன்னேனேயன்றி, அவன் கேட்டதற்கு விடை சொன்னேனல்லேன். விடை என்னிடம் இருக்கவில்லை. பின்னர் விசாரித்தபோது அவன் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று அறிந்தேன். சீமெந்துக் கல் அரியும் ஓரிடத்தில் வேலைக்குப் போகிறானாம். என் பேச்சினால் அவன் கெட்டான் என்று சொல்லமாட்டேன். என் பேச்சினால் அவனுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

ஊஞ்சலும் ஊக்கமும்

‘ஊக்கம்’ என்னுஞ் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகின்றோம். அது ‘ஊக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ஊஞ்சலை ஆட்டுதலுக்கும் ஊக்குதல் என்பது பழைய வழக்கு. இந்த ஒரு பொருளை மனத்திற் கொண்டாலே ஊக்கவுரையின் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும் போலும்.

ஊஞ்சலில் இருப்பவளைப் பின்னின்று ஆட்டுபவள் என்ன செய்கின்றாள்? தூரத்தில் நின்று, ஆடு ஆடு என்று கூவவில்லை. அருகில் வந்து கைவைக்கின்றாள். ஊஞ்சல் தன்பால் வந்து திரும்பும் நேரம் அறிந்து தள்ளுகின்றாள். வரும்போதே தள்ளினால் இருப்பவள் விழுவாள். ஒருமுறை தள்ளிவிட்டுப் போய்விட்டால் ஊஞ்சல் சிறிது ஆடித் தானே நின்றுவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் தள்ளுகின்றாள். அருகில் இருத்தல், காலம் அறிதல், மீண்டும் வருதல் என்னும் மூன்றும் அங்கே உள்ளன. என் ஒன்றேகால் மணி நேரப் பேச்சில் இம்மூன்றில் ஒன்றுமில்லை. யான் மேடையில் நின்றேன்; அவன் கடைசி வாங்கில் இருந்தான். அவன் எந்த நிலையில் ஆடிக்கொண்டிருந்தான் என்பதை அறியேன். பொன்னாடையோடு வீடு திரும்பிய யான், அந்தப் பாடசாலைக்கு மீண்டும் போகவுமில்லை.

திருவள்ளுவர் வைத்த முறையும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. ஊக்கமுடைமை 60 ஆம் அதிகாரம். அதன்பின் மடியின்மையும் ஆள்வினையுடைமையும் இடுக்கணழியாமையும் வருகின்றன. சொல்வன்மை 65 ஆம் அதிகாரம். சொல்வன்மையை அடுத்து என்ன வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் வருகின்றன. பேச்சுக்கு ஓர் அதிகாரம், அதனைத் தொடரும் செயலுக்கு மூன்று அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் அதற்கும் பின்னர், 72, 73 ஆம் அதிகாரங்களிலேயே வருகின்றன. நம் மேடைப் பேச்சாளர் பலர் அவையஞ்சாமையைப் பெற்றதோடு கல்வியை முடித்துக்கொள்கின்றனர். அவர்களுள் யானும் ஒருவனாக இருந்தேன்.

சாம்பவன் பேச்சு

ஊக்கவுரைக்கு நம் இலக்கியத்தில் எடுத்துக்காட்டு யாது என்று மாணாக்கர் கேட்டால், கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தின் முடிவில் உள்ள மயேந்திரப் படலத்தைக் காட்டுவேன்.

வானர வீரர் கடற்கரையில் நிற்கின்றனர். சீதை இலங்கையில் இருக்கின்றாள் என்பது சம்பாதியால் தெரிந்துவிட்டது. கடலைக் கடப்பவர் யார்? நீலன் முதலியோர் தம்மால் இயலாது என்கின்றனர். அங்கதன், கடந்து செல்வேன், மீண்டு வருதற்கு வலி இல்லை என்கின்றான். அநுமனோ பேசாமல் இருக்கின்றான். அப்பொழுது முதியவனாகிய சாம்பவன் பேசுகின்றான்.

அவன் பேச்சின் அமைப்பை நோக்குக. முதலில் தன் இயலாமையைச் சொல்லுகின்றான். திருமால் உலகளந்த நாளிற் பறையறைந்து திசைகளைச் சுற்றி வந்தவன் அவன். மேருவில் மோதிக் கால் நைந்தவன். அதனாலே இன்று தன்னால் இயலாது என்று மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகின்றான். பின்பு அநுமனை நோக்குகின்றான். உன்னால் எதுவும் முடியும் என்று பொதுவாக அவன் புகழவில்லை. அநுமனிடத்தில் உள்ள ஆற்றல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றான். அநுமன் தன்னைப் பற்றி எண்ணாதிருந்ததைச் சாம்பவன் எண்ணி வைத்திருந்தான். ஈற்றில் செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லுகின்றான். இராவணனை வெல் என்றோ உலகை மாற்று என்றோ அவன் சொல்லவில்லை. கடலைத் தாவு, தேவியைக் கண்டு வா என்ற அளவில் நிறுத்துகின்றான். அநுமன் மயேந்திர மலைமேல் ஓங்கி நிற்கின்றான்.

கேட்பவனைப் புகழ்ந்தால் அவனுக்கு ஊக்கம் வரும் என்று எண்ணுவோர் உளர். புகழ்ச்சி வேறு, சான்று வேறு. புகழ்ச்சியைக் கேட்டவன் பேசியவனை விரும்புகின்றான். தன்னைப் பற்றிய சான்றைக் கேட்டவன் தன்னை நம்பத் தொடங்குகின்றான். சான்று சொல்லவேண்டுமாயின் அவனை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். பூவரசமரத்தின்கீழ் நின்ற பையனின் பெயரைக்கூட யான் கேட்கவில்லை.

வண்ணார்பண்ணை வெள்ளிக்கிழமைகள்

இது நிற்க. யாழ்ப்பாணத்து மண்ணில் ஒரு பேச்சு எப்படிப் பயன் தந்தது என்பதைப் பார்ப்போம்.

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். நல்லூர் ஆறுமுகம்பிள்ளை என்பது அவர் பெயர். நாவலர் என்னும் பட்டம் அப்போது இல்லை. திருவாவடுதுறை ஆதீனம் அதனை அளித்தது 1849 இலேயே. அந்நாளில் அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உதவியவர். மிஷனாரிமார் வசன நடையில் நேர்நின்று பிரசங்கிக்கும் முறையை அருகிருந்து கண்டவர். கண்டதைக் கைக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

நம் கோயில்களிற் புராண படனம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார், மற்றொருவர் விரித்துரைப்பார். அவ்வாறு விரித்துரைப்பதை நம் முன்னோர் ‘பயன் சொல்லுதல்’ என்றனர். பொருள் சொல்லுதல் என்று வைத்திருக்கலாம், வைத்தாரில்லை. செய்யுளின் பொருள் செய்யுளிலேயே உள்ளது. அதன் பயன் கேட்பவனிடத்தில் விளைய வேண்டியது. அந்தப் பயனை நாவலர் செய்யுளிலிருந்து பிரித்து, எளிய வசனத்தில், வாரந்தோறும் சபைமுன் வைத்தார் எனலாம்.

அவர் எடுத்த விடயங்களுட் சில: கள்ளுண்ணாமை, கொல்லாமை, பிறர்மனை நயவாமை, தானம், பசுவைப் பேணல், கடவுள் வழிபாடு. இவற்றுட் பல, கேட்டவன் அன்றிரவே தொடங்கக்கூடியவை. குடிப்பவன் இன்று குடியாது வீடு திரும்பலாம். உள்ளவன் நாளைக் காலையில் ஒருவனுக்குச் சோறிடலாம். நாளைக்கு என்ன செய்யிறது என்று கேட்பவனுக்கு அங்கே விடை இருந்தது.

அந்தப் பிரசங்கம் ஒருநாளோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடன்நின்று பிரசங்கித்தார். போன வாரம் கேட்டவன் இந்த வாரம் வருவான். அவன் முகத்தைப் பேசுபவர் மீண்டும் பார்க்கவேண்டும். ஊஞ்சல் மீண்டு வரும்பொழுது கை அங்கே இருந்தது.

பேச்சின் பின்னே பேசியவரின் செயலும் வந்தது. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தொடங்கினார். சம்பளம் தந்த உத்தியோகத்தை அவ்வாண்டிலேயே விட்டார். பிள்ளைகளைப் படிப்பியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல், படிப்பதற்கு இடம் செய்தார். இடம் செய்தபின் புத்தகம் இல்லை என்று கண்டார். சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். யந்திரம் வந்தபின் சிறுவர்க்கு ஏற்ற நூல் இல்லை என்று கண்டார். பாலபாடங்களைத் தாமே எழுதினார். தம் பேச்சினால் எழுந்தவன் அடுத்த அடியில் எங்கே தடுக்குவான் என்று முன்சென்று பார்த்து, அங்கே ஒரு கல்லை இட்டார் என்று சொல்லலாம். 1864 இற் சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலை எழுந்தது. 1870களின் பிற்பகுதியிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டித் தருமம் எழுந்தது. 1879 ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியிற் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று தம் வித்தியாசாலையில் அவர் செய்ததே கடைசிப் பிரசங்கம். அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவர் மறைந்தார். முதற் பேச்சுக்கும் கடைசிப் பேச்சுக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள்.

ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அந்நாளிற் கோயிலுள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டோர் யாழ்ப்பாணத்திற் பலர். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் எத்துணைச் சிறந்ததாயினும், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை அது எழுப்ப இயலாது. நூற்றாண்டொன்று கழிந்து 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டிப் போராடியோர், அந்த வாயில் இன்னும் அடைபட்டே இருந்ததை உலகுக்குக் காட்டினர். அவையறிதல் என்பது வந்திருப்போரை அறிவதோடு முடிவதில்லை. வராதவர் யார், அவரை வரவொட்டாமல் தடுத்தவர் யார் என்பதையும் அறிதல் வேண்டும். நாவலர் பெருமையைப் பேசும் நாம் இதனையுஞ் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

இராட்டினம் பிடித்த கை

குரல்வளமே பேச்சின் உயிர் என்பாரும் உளர். அவர்கள் 1927 ஐ நினைக்க வேண்டும். அவ்வாண்டு நவம்பர் மாதம் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் அவரை இங்கே அழைத்தது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது அதுவே. காந்தியடிகள் கம்பீரமான குரல் உடையவரல்லர். கையை வீசிப் பேசுபவருமல்லர். நம் ஊர்ச் சபையோரிற் பெரும்பாலார்க்கு அவர் பேசிய மொழியும் விளங்காது. இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். ஆயினும் மக்கள் திரண்டனர். கதர்ப் பணிக்குப் பொருள் கொடுத்தனர். கதர் உடுத்துங்கள் என்றவர் கதரை உடுத்திருந்தார். நூல் நூற்க வேண்டும் என்றவர் நாள்தோறும் நூற்றார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே பேச்சின் பாதி சபைக்கு விளங்கியிருக்கும்.

இலக்கண நூலார் நூலுக்குப் பத்து அழகு கூறினர். சுருங்கச் சொல்லலும் விழுமியது பயத்தலும் அவற்றுட் சேரும். நூலுக்குச் சொன்னதைப் பேச்சுக்கும் கொள்ளலாம். ஆயின் பேச்சுக்கு மேலும் ஓர் அழகு உண்டு. நூலாசிரியன் நம்முன் நிற்பதில்லை, பேசுபவன் நிற்கின்றான். அவன் சொல்லைக் கேட்கும் சபை அவனையும் பார்த்துக்கொண்டே இருக்கின்றது.

மாமரத்தின் கீழ்

யான் என் வாழ்நாளிற் கேட்ட ஊக்கவுரைகளுட் சிறந்தது எது என்று பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. அது அரை நிமிடத்துக்குள் முடிந்தது.

1995 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30 ஆம் நாள். வலிகாமத்து மக்கள் ஊரோடு எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தனர். மழை. முதியோரும் குழந்தைகளும் சைக்கிளின் பின்னே பொதிகளும். தென்மராட்சியிற் பாடசாலையும் கோயிலும் நிறைந்து, மரநிழலும் நிறைந்தது. யான் அப்போது பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞன். புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன. படிப்பு இனி எதற்கு என்ற எண்ணம் எங்கள் எல்லாரிடமும் இருந்தது.

சில கிழமைகள் கழித்து எங்கள் ஆசிரியர் எங்களைத் தேடி வந்தார். அறுபதைத் தாண்டியவர். அவருக்கும் வீடு இல்லை. உறவினரின் தாழ்வாரத்தில் இருந்தார். சைக்கிளை மாமரத்திற் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து நன்னூலை எடுத்துக் காட்டினார். அது ஒன்றுதான் அவர் கொண்டுவந்த புத்தகம்.

“நாளைக்கு எட்டு மணிக்கு இவ்விடத்திலை எழுத்ததிகாரம். கொப்பி இல்லாதவன் வெறுங்கையோடை வா. நான் வருவன்.”

இவ்வளவே பேச்சு. நம்பிக்கை என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. எதிர்காலம் என்று ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் துன்பத்தை எங்களுக்கே விரித்துரைக்கவுமில்லை. மறுநாள் எட்டு மணிக்கு நால்வர் போனோம். அவர் எங்களுக்கு முன்னரே வந்து, மரத்தின்கீழ்ச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் வந்தார். 1996 ஏப்ரலில் ஊர் திரும்பும் வரையும் வந்தார். மழைநாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இன்று யான் பண்டிதன் என்று பெயருக்கு முன் எழுதிக்கொள்வது அந்த ‘நான் வருவன்’ என்ற சொல்லினாலேயே.

அச்சொல்லின் வலிமை எங்கிருந்து வந்தது? பிறரை எழுப்புபவன் தன்மேல் ஒரு கடனை ஏற்றுக்கொள்கின்றான். நீ எழுந்து நட என்று சொன்ன மாத்திரத்தே, எவ்வழி நடப்பது என்று அவன் கேட்டால் விடை சொல்லும் கடன் பிறந்துவிட்டது. அக்கடனைச் செலுத்துவேன் என்று சபைமுன் ஒப்புக்கொள்ளும் பேச்சே ஊக்கவுரை. சாம்பவன் தன் காலைக் காட்டி ஒப்புக்கொண்டான். நாவலர் அடுத்த வெள்ளிக்கிழமையைக் காட்டி ஒப்புக்கொண்டார். எங்கள் ஆசிரியர் எட்டு மணியைக் காட்டினார். உவமை, கதை, குரல், நகைச்சுவை எல்லாம் நல்லவையே. வேண்டாம் என்று சொல்லேன். அவை கடன்பத்திரத்தின் எழுத்தழகு போன்றவை. கையொப்பம் இல்லாத பத்திரம் எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும் செல்லாது.

இந்நாளிற் கைத்தொலைபேசியைத் திறந்தால் ஊக்கவுரைகள் வரிசையில் நிற்கின்றன. கேட்கும் நேரம் உள்ளம் துள்ளுகின்றது. கேட்டு முடிந்ததும் அடுத்த உரையைத் தேடுகின்றது. பேசியவரை மீண்டும் காண்போம் என்ற அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை. மாணாக்கர் அதில் நல்லதைக் கேட்கட்டும். அதனோடு, காலையில் எட்டு மணிக்கு வந்து நிற்கும் ஒருவரையும் தேடிக்கொள்ளட்டும்.

பையன் சொன்ன விடை

இவற்றையெல்லாம் எண்ணியபின் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒருநாள் அந்தக் கல் அரியும் இடத்துக்குப் போனேன். அவன் சீமெந்துக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான். முதலிற் பெயரைக் கேட்டேன். சொன்னான். “தம்பி, அண்டைக்கு நீ கேட்டதுக்கு எனக்கு விடை தெரியேல்லை. தெரியேல்லை எண்டு சொல்லியிருக்க வேணும்” என்றேன். கணக்குப் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் இசைந்திருக்கிறார் என்றும், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாசிகசாலையில் வகுப்பு என்றும், யானும் அங்கே இருப்பேன் என்றும் சொன்னேன்.

அவன் சற்று நேரம் அரிந்து வைத்த கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்குப் பிந்திப் போச்சு, சேர். தங்கச்சி இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. அவளை விடட்டே?”

அந்தச் சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கே போய் வாசிகசாலைக் கதவைத் திறந்து வைத்தேன். நான்கு மணிக்கு அவன் தங்கையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். உள்ளே வரவில்லை. எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டான். ஆறு மணி என்றேன். ஆறு மணிக்கு வாயிலில் நின்றான்.

அதன்பின் ஊக்கவுரைக்கு அழைப்பு வந்தால், அடுத்த வாரமும் வரவிடுவீர்களா என்று கேட்டபின்பே ஒப்புக்கொள்கின்றேன். அழைப்புகள் குறைந்துவிட்டன. சனிக்கிழமை வகுப்பு நடக்கின்றது.